புதிய ஃபோர் பை ஃபோர் வண்டி வாங்கலாமா: முன்பணம் கட்டும் முன் முடிவெடுக்கும் முறை

ஃபோர் பை ஃபோர் எனப்படும் நான்கு சக்கர இயக்க வண்டி ஒன்றைப் புதிதாக வாங்கலாமா என்று யோசிப்பவர், விலைப்பட்டியலைக் கையில் எடுப்பதற்கு முன்பு, இப்போது தாம் ஓட்டும் வண்டி எந்தப் பாதையில், எந்த மாதத்தில், எந்த இடத்தில் நகராமல் நின்றது என்பதை ஒரு தாளில் எழுதிப் பார்க்க வேண்டும். ‘மலைப்பாதை’ என்று பொதுவாக எழுதினால் பயனில்லை. ‘தோட்டத்து வாசலுக்கு முந்தைய ஏற்றத்தில், ஐப்பசி மழைக்குப் பிறகு, சக்கரம் வழுக்கிச் சுழன்றது’ என்று எழுதினால் அதிலிருந்து ஒரு முடிவுக்கு வரலாம். சிலருடைய தாள் வெறுமையாகவே இருக்கும். அவர்கள் இந்த வண்டியை அதன் தோற்றத்துக்காகவும் கம்பீரத்துக்காகவும் வாங்கலாம். சொந்தப் பணத்தில் ஒருவர் தம் ஆசையை நிறைவேற்றிக்கொள்வதில் குறை சொல்ல ஏதும் இல்லை. ஆனால் ஆசைக்கு வாங்குபவருக்கு அதே வண்டியின் இரு சக்கர இயக்க வகையே போதும் என்பதையும், அதன் விலை பல லட்சம் குறைவு என்பதையும் அவர் தெரிந்துகொண்டு வாங்குவது நல்லது.

தாளில் ஏதேனும் எழுதியிருந்தால், அடுத்து வண்டி நின்றதன் காரணத்தைப் பிரித்துப் பார்க்க வேண்டும். வண்டியின் அடிப்பகுதி கல்லிலோ மேட்டிலோ தட்டி நின்றது என்றால், குறைவாக இருந்தது தரை இடைவெளி; அதற்கு உயரமான இரு சக்கர இயக்க வண்டியே போதும். சக்கரம் பிடிமானம் இல்லாமல் ஒரே இடத்தில் சுழன்றது என்றால் நான்கு சக்கர இயக்கம் உதவும், ஆனால் பல நேரங்களில் தேய்ந்த டயரை மாற்றினாலே பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும். முதல் கியரில்கூட மெதுவாக ஏற முடியாமல் எஞ்சின் திணறியது, கிளட்ச் கருகும் வாடை வந்தது என்றால், அங்கே தேவைப்பட்டது, வேகத்தைக் குறைத்து இழுவிசையைக் கூட்டும் ‘ஃபோர் லோ’ எனப்படும் குறைவேகப் பல்லிணைப்பு. இந்த மூன்றில் கடைசியாகச் சொன்னதற்கு மட்டுமே வேறு மாற்று வழி இல்லை.

பாதைகளைப் பற்றிய நம் நினைவுகள் பழையவை என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். தனுஷ்கோடியில் முகுந்தராயர் சத்திரத்துக்கு அப்பால் மணலில் செல்ல நான்கு சக்கர இயக்க வேன்களை நம்பியிருந்த காலம் ஒன்று இருந்தது. 2017-இல் அரிச்சல்முனை வரை சாலை திறக்கப்பட்ட பிறகு எந்தச் சிறிய காரும் கடைசிவரை போகிறது. கொல்லிமலைக்கு 70 கொண்டை ஊசி வளைவுகள் இருந்தாலும் அது தார்ச்சாலை. அங்கே வேண்டியது நல்ல பிரேக்கும் பொறுமையும்தான். கொழுக்குமலை உண்மையிலேயே கடினமான பாதை, ஆனால் சூரியநெல்லியிலிருந்து அந்தப் பாதையை நாள்தோறும் ஓட்டிப் பழகிய ஓட்டுநர்களின் ஜீப்புகள் வாடகைக்குக் கிடைக்கின்றன. ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை இப்படிப்பட்ட இடங்களுக்குப் போய்வருபவர், வாடகை ஜீப்பில் போவதையே நான் பரிந்துரைப்பேன். அந்த ஓட்டுநர்களுக்குத் தெரிந்த ஒவ்வொரு கல்லும் புதியவருக்குத் தெரிய வழியில்லை.

மறுபக்கத்தில், இந்த வண்டி இல்லாமல் முடியாது என்று சொல்லத்தக்க நிலங்களும் உண்டு. மேற்குத் தொடர்ச்சி மலைச் சரிவில் உள்ள காப்பி, ஏலக்காய்த் தோட்டங்களின் உட்பாதைகளில், தென்மேற்குப் பருவமழைக் காலம் முழுவதும் களிமண்ணும் பாசி படிந்த கல்லும் கலந்து கிடக்கும். அங்கே தினமும் ஏறி இறங்குபவருக்குக் குறைவேகப் பல்லிணைப்பு அன்றாடத் தேவை. தூத்துக்குடி மாவட்டத்துத் தேரிக்காட்டுச் செம்மணலில் இரு சக்கர இயக்க வண்டி சிறிது தூரத்திலேயே புதைந்துவிடும். கரிசல் மண்ணின் கதை வேறு. கோவில்பட்டி, விளாத்திகுளம் பக்கம் மழை பெய்து ஓய்ந்த வயல்பாதையில் கரிசல் மண் டயரின் பள்ளங்களை முழுவதும் அடைத்துக்கொள்ளும். அதன்பின் நான்கு சக்கரங்களும் சுழன்றாலும் அவை வழவழப்பான உருளைகளாகவே சுழலும். அங்கே பிழைப்பு நடத்துபவர்கள் மழை விட்டு மண் இறுகும்வரை வண்டியை எடுப்பதில்லை, எடுத்தால் டிராக்டரை எடுக்கிறார்கள். கரிசல் நிலத்துக்காக மட்டும் இந்த வண்டியை வாங்க நினைப்பவர் அதை ஒருமுறை யோசிக்க வேண்டும்.

சென்னையில் வெள்ளத்தைக் காரணம் காட்டி இந்த வண்டியைத் தேடுபவர்களும் இருக்கிறார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வேளச்சேரி மேம்பாலத்தின் மீது வரிசையாக நிறுத்தப்பட்ட கார்களைப் பார்த்தவர்களுக்கு அந்த அச்சம் புரியும். ஆனால் தேங்கிய நீரைக் கடப்பதில் முதலில் பார்க்க வேண்டியது எஞ்சின் காற்றை உறிஞ்சும் குழாய் எந்த உயரத்தில் இருக்கிறது என்பதே. நீரில் இறங்கும் ஆழமாக மஹிந்திரா தாருக்கு 650 மி.மீ., ஃபோர்ஸ் கூர்க்காவுக்கு 700 மி.மீ. என்று நிறுவனங்கள் குறிப்பிடுகின்றன. இவை நின்ற நீரில் மெதுவாகச் செல்வதற்கான அளவுகள், ஓடும் நீருக்கானவை அல்ல. எஞ்சினுக்குள் நீர் புகுந்து பழுதானால், எஞ்சின் பாதுகாப்புக்கான கூடுதல் காப்பீடு எடுக்காதவருக்கு வழக்கமான காப்பீட்டில் இழப்பீடு கிடைப்பது அரிது. ஆண்டில் சில நாள் வெள்ளத்துக்காகப் பல லட்சம் கூடுதலாகக் கொடுப்பதைவிட, மழை எச்சரிக்கை வந்தவுடன் வண்டியை மேடான இடத்துக்குக் கொண்டுபோய் விடுவது சிக்கனமான வழி.

இயக்கத்தைப் புரிந்துகொள்ளுதல்

விற்பனையாளர்கள் இரண்டு வெவ்வேறு அமைப்புகளை ஒரே பெயரில் பேசுவதால், வாங்குபவர் இதைத் தெளிவாகக் கேட்டுப் பெற வேண்டும். மாருதி கிராண்ட் விட்டாராவின் ஆல்கிரிப் வகை போன்ற சிலவற்றில் நான்கு சக்கரங்களுக்கும் விசை செல்லும், ஆனால் குறைவேகப் பல்லிணைப்பு இல்லை. இவை ஈரமான புல்தரைக்கும் லேசான மண்பாதைக்கும் ஏற்றவை. தார், அதன் ஐந்து கதவு வடிவமான தார் ராக்ஸின் நான்கு சக்கர இயக்க வகை, மாருதி ஜிம்னி, கூர்க்கா ஆகியவற்றில், விசையை முன், பின் அச்சுகளுக்குப் பிரித்து அனுப்பும் தனி டிரான்ஸ்ஃபர் கேஸும் ஃபோர் லோவும் உண்டு. தாளில் எழுதிய சிக்கல் செங்குத்தான ஏற்றம் என்றால் இரண்டாவது வகையைத் தவிர மற்றவற்றைப் பார்க்க வேண்டியதே இல்லை.

இந்த இரண்டாவது வகை வண்டிகளில் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் நடுவே வேக வேறுபாட்டைச் சரிசெய்யும் டிஃபரன்ஷியல் கிடையாது. வளைவில் திரும்பும்போது முன்சக்கரங்கள் பின்சக்கரங்களைவிட அதிக தூரம் ஓட வேண்டும். மண்ணிலும் மணலிலும் டயர் சற்றே வழுக்கி அந்த வேறுபாட்டை ஈடுசெய்துகொள்ளும், காய்ந்த தார்ச்சாலையில் அதற்கு இடமில்லாததால் பல்சக்கரங்களும் அச்சுகளும் முறுக்கேறிப் பழுதாகும். ஆகவே தார்ச்சாலையில் இவற்றை இரு சக்கர இயக்கத்தில்தான் ஓட்ட வேண்டும். இதன் விளைவைப் பலர் யோசிப்பதில்லை: ஒருவருடைய ஓட்டத்தில் பெரும்பகுதி தார்ச்சாலை என்றால், கூடுதல் பணம் கொடுத்து வாங்கிய முன் அச்சு அந்தத் தூரம் முழுவதும் வெறும் எடையாகவே கூட வருகிறது. மேலும், நான்கு சக்கர இயக்கம் வண்டியைக் கிளப்ப உதவுமே தவிர, நிறுத்த உதவாது. மழையில் நனைந்த நெடுஞ்சாலையில் பிரேக் பிடிக்கும் தூரம் டயரையும் எடையையும் வேகத்தையும் பொறுத்தது. அங்கே இந்த வண்டிக்கு எந்தச் சலுகையும் இல்லை, உயரமான உடல் என்பதால் திடீரென ஒடித்துத் திருப்பினால் ஆட்டம் அதிகமாகவே இருக்கும்.

இன்னொரு கேள்வி, குறுக்காக உள்ள இரண்டு சக்கரங்கள், அதாவது முன் இடதும் பின் வலதும், பள்ளத்தில் அந்தரத்தில் தொங்கினால் என்ன ஆகும் என்பது. ஒவ்வோர் அச்சிலும் இடது, வலது சக்கரங்களுக்கு நடுவே உள்ள சாதாரண டிஃபரன்ஷியல் விசையை எளிதாகச் சுழலும் சக்கரத்துக்கே விட்டுவிடும் என்பதால், நான்கு சக்கர இயக்கம் இருந்தும் வண்டி நகராது. இதற்காகக் கூர்க்காவில் முன்பின் இரண்டு டிஃபரன்ஷியல்களுக்கும், ஓர் அச்சின் இரு சக்கரங்களையும் ஒன்றாகச் சுழலவைக்கும் இயந்திரப் பூட்டு தரப்படுகிறது. தார் ராக்ஸில் பின்புறம் மின்னணுப் பூட்டு உண்டு. ஜிம்னியில் சுழலும் சக்கரத்தைப் பிரேக்கால் பிடித்து மற்றொன்றுக்கு விசையை அனுப்பும் முறை இருக்கிறது. பிரேக் முறை பெரும்பாலானவர்களுக்குப் போதுமானது. தினமும் பிளந்த பாதையில் ஏறுபவருக்குப் பூட்டு உள்ள வகை நல்லது.

எங்கே ஓட்டப் போகிறீர்கள்

இந்தக் கேள்விக்குச் சட்டம் தரும் விடை சுருக்கமானது. காப்புக்காடு, சரணாலயம், புலிகள் காப்பகம் ஆகியவற்றில் அனுமதியின்றி வண்டியோடு நுழைவது குற்றம். தமிழ்நாட்டில் ஆனைமலை, முதுமலை, சத்தியமங்கலம், களக்காடு முண்டந்துறை, ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலை ஆகிய காப்பகங்களின் எல்லைக்குள்தான், விளம்பரத்தில் பார்த்து ஆசைப்படும் பாதைகளில் பெரும்பாலானவை அடங்குகின்றன. கடற்கரையில் ஓட்டலாம் என்ற எண்ணத்தையும் விட்டுவிட வேண்டும். ‘பங்குனி ஆமைகள்’ எனப்படும் கடலாமைகள் ஜனவரியிலிருந்து சென்னைக் கடற்கரையில் முட்டையிடும் மணல் அதுவே. ஆக, எஞ்சி நிற்பது சொந்த நிலம், உரிமையாளரின் இசைவோடு செல்லும் தனியார் தோட்டம், பொதுவழியாக உள்ள மண்பாதை ஆகியவையே. இவற்றில் ஒன்றுகூட ஒருவருடைய வாழ்க்கையில் இல்லை என்றால், முடிவு கிட்டத்தட்ட எடுக்கப்பட்டுவிட்டது.

பணக்கணக்கு

இங்கே நிதானமாக உட்கார வேண்டும், ஏனெனில் ஷோரூம் விலையில் தெரியும் வேறுபாடு உண்மையான வேறுபாடு அல்ல. 2025 செப்டம்பர் 22 முதல் நடைமுறைக்கு வந்த ஜிஎஸ்டி விகிதங்களின்படி, 4 மீட்டருக்கு மிகாத நீளமும், பெட்ரோலானால் 1200 சிசிக்கும் டீசலானால் 1500 சிசிக்கும் மிகாத எஞ்சினும் கொண்ட கார்களுக்கு 18 சதவீதம், மற்ற பெட்ரோல், டீசல் கார்களுக்கு 40 சதவீதம். மூன்று கதவு தாரின் 1.5 லிட்டர் டீசல் எஞ்சின் பின்சக்கர இயக்கத்தோடு மட்டுமே வருகிறது; அது 18 சதவீதப் பிரிவில் அடங்கும். அதே உடலில் நான்கு சக்கர இயக்கம் வேண்டுமென்றால் 2 லிட்டர் பெட்ரோலோ 2.2 லிட்டர் டீசலோ எடுத்தாக வேண்டும். இரண்டும் 40 சதவீதம். ஜிம்னியின் நீளம் 4 மீட்டருக்குள் இருந்தாலும், பெட்ரோல் எஞ்சின் 1462 சிசி என்பதால் அதுவும் 40 சதவீதப் பிரிவுக்கே போகிறது. வாங்குபவர் முன் அச்சுக்கு மட்டுமல்லாமல் வரிப்பிரிவு மாறுவதற்கும் சேர்த்தே பணம் கொடுக்கிறார்.

அதற்குமேல் மாநில வரி. தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் திருத்தப்பட்ட ஆயுள் வரி, 5 லட்சத்துக்கு மேல் 10 லட்சம் வரையிலான காருக்கு 13 சதவீதம், 10 முதல் 20 லட்சம் வரை 18 சதவீதம், அதற்கு மேல் 20 சதவீதம். ஒரு வண்டி 9.9 லட்சம், இன்னொன்று 15 லட்சம் என்று கொள்வோம். முதலாவதற்கு வரி சுமார் 1.29 லட்சம், இரண்டாவதற்கு 2.7 லட்சம். ஷோரூமில் 5.1 லட்சமாகத் தெரிந்த வேறுபாடு சாலைக்கு வரும்போது 6.5 லட்சமாகிவிடுகிறது. காப்பீட்டிலும் எஞ்சின் அளவு பேசும்: 2022 ஜூனில் நடைமுறைக்கு வந்த கட்டணப்படி, புதிய காருக்குக் கட்டாயமான மூன்றாண்டு மூன்றாம் நபர் காப்பீடு 1000 முதல் 1500 சிசி வரை 10,640 ரூபாய், 1500 சிசிக்கு மேல் 24,596 ரூபாய், வரி தனி. இந்த ஒன்றில் ஜிம்னிக்கு ஆதாயம் உண்டு.

இந்த 6.5 லட்சத்தை எட்டு ஆண்டுகளுக்குப் பிரித்தால் ஆண்டுக்கு 80,000 ரூபாய்க்கு மேல் வரும், கடன் வட்டி தனி. வண்டியை விற்கும்போது அதில் ஒரு பகுதி திரும்பக் கிடைக்கும் என்பது உண்மைதான். நான்கு சக்கர இயக்க வண்டிகளுக்குப் பழைய சந்தையில் மதிப்பு நன்றாகவே இருக்கிறது. ஆனாலும் தாளில் எழுதிய நாள்களின் எண்ணிக்கையால் அந்தத் தொகையை வகுத்துப் பார்க்க வேண்டும். ஆண்டுக்கு ஐந்து நாள் என்றால் நாளொன்றுக்கு 16,000 ரூபாய். எந்த ஜீப் வாடகையும் அதற்கு அருகில் வராது. ஆண்டுக்கு நூறு நாள் தோட்டத்துக்குப் போகிறவருக்கு நாளொன்றுக்கு 800 ரூபாய். அவர் தயங்காமல் வாங்கலாம். என் கணக்கில், ஆண்டுக்கு முப்பது நாளுக்குக் கீழே தேவைப்படுபவர் வாங்குவது ஆசைக்காகத்தான்.

பராமரிப்பில் கூடுபவை பெரிய செலவுகள் அல்ல, ஆனால் மறக்கப்படுபவை. டிரான்ஸ்ஃபர் கேஸ், முன் டிஃபரன்ஷியல் ஆகியவற்றுக்குத் தனி எண்ணெய் உண்டு. ஆழமான நீரில் இறங்கி வந்தபின் அந்த எண்ணெய் பால்போல் வெளுத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நான்கு டயர்களும் ஒரே வகையாக, ஏறத்தாழ ஒரே தேய்மானத்தில் இருக்க வேண்டும் என்பதால், ஒன்றை மட்டும் மாற்றிச் சமாளிக்க முடியாது. டீசல் எடுப்பவர், தினமும் நகருக்குள் சில கிலோமீட்டர் மட்டுமே ஓட்டுபவரானால், புகைத்துகள் வடிகட்டி அடைத்துக்கொள்ளும் தொல்லையை எதிர்பார்க்க வேண்டும். அது தன்னைத் தானே சுத்தம் செய்துகொள்ள, இடையிடையே நெடுஞ்சாலையில் தொடர்ந்து ஓட்டியாக வேண்டும்.

வாங்கியபின் செய்ய நினைக்கும் மாற்றங்களையும் இப்போதே கணக்கில் கொள்ளலாம், பெரும்பாலும் அவற்றைக் கைவிடுவதற்காக. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, நிறுவனம் குறிப்பிட்ட அமைப்பிலிருந்து வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019-இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. முன்பக்கக் கம்பித் தடுப்புகளுக்கு எதிராக 2017 டிசம்பரிலேயே மத்தியச் சாலைப் போக்குவரத்து அமைச்சகம் மாநிலங்களுக்கு எழுதிவிட்டது. பந்தயம், வேகச் சோதனை போன்றவற்றில் ஏற்படும் சேதத்துக்குத் தனியார் கார் காப்பீடு பொருந்தாது என்பதால், வார இறுதிப் போட்டிகளில் கலந்துகொள்ள நினைப்பவர் பாலிசியின் பயன்பாட்டு வரம்புப் பகுதியை ஒருமுறை படித்துவிட வேண்டும். டயர் ஒன்றுதான் பொருட்படுத்தத்தக்க மாற்றம். சேற்றுக்கான பெரும்பள்ள டயர்கள் நெடுஞ்சாலையில் இரைச்சலிடும், ஈரத்தில் பிரேக் தூரத்தைக் கூட்டும். எல்லா நிலத்துக்குமான டயரே பெரும்பாலோருக்குப் பொருத்தம். அத்துடன் காற்றழுத்த அளவியும் சிறிய காற்றடிப்பானும் வைத்துக்கொண்டால், மணலில் அழுத்தத்தைக் குறைத்து ஓட்டிவிட்டுத் தார்ச்சாலைக்கு வந்ததும் மீண்டும் நிரப்பிக்கொள்ளலாம். இழுவைப் பட்டையும் அதை வண்டியோடு மாட்டும் ஷாக்கிள் வளையமும் அவசியம். துணைக்கு இன்னொரு வண்டி அதைவிட அவசியம், ஏனெனில் தனியாகப் போகும் நான்கு சக்கர இயக்க வண்டி, சாதாரண வண்டி சிக்கும் இடத்தைக் கடந்து, உதவி வர முடியாத இடத்தில் போய்ச் சிக்கும்.

எந்த வண்டி, எப்படிச் சோதிப்பது

இதுவரை சொன்ன வடிகட்டல்களைத் தாண்டி வந்தவருக்குத் தேர்வு எளிது. தனியாகவோ இருவராகவோ ஒடுங்கிய தோட்டப் பாதைகளில் செல்பவருக்கு ஜிம்னி: எடை சுமார் 1200 கிலோ மட்டுமே என்பதால் சேற்றில் குறைவாகப் புதையும், அகலம் குறைவு, ஆனால் எஞ்சினின் முறுக்குவிசை 134 நியூட்டன் மீட்டர்தான், நால்வரோடும் சுமையோடும் மலையேறும்போது அது தெரியும், பின்இருக்கையை மடக்காமல் வைத்தால் சாமான் இடம் 208 லிட்டர். குடும்பத்துக்கு ஒரே வண்டியாக இருக்கப்போகிறது என்றால் தார் ராக்ஸ். 2024-இல் பாரத் என்கேப் எனப்படும் மோதல் பாதுகாப்புச் சோதனையில் ஐந்து நட்சத்திரம் பெற்றது, நான்கு சக்கர இயக்கம் டீசலில் மட்டும். பெரிய குடும்பமும் மோசமான பாதையும் சேர்ந்தே அமைந்தவருக்கு ஐந்து கதவு கூர்க்கா. கியரைக் கையால்தான் மாற்ற வேண்டும், உயரம் 2 மீட்டருக்கு மேல் என்பதால் அடுக்ககத்தின் தரைகீழ் நிறுத்துமிடத்தில் நுழையுமா என்று நாடா வைத்து அளந்துவிட வேண்டும். உரமூட்டையும் விளைச்சலும் ஏற்றுபவருக்கு இவை எவையும் வேண்டாம். இசுசு வி-கிராஸ் போன்ற பிக்கப்பைப் பார்க்கலாம்.

சோதனை ஓட்டத்துக்கு ஷோரூமைச் சுற்றிய தார்ச்சாலையோடு திருப்தி அடைய வேண்டாம். ஏதேனும் ஒரு மண் சரிவில் ஃபோர் லோவில் போட்டு, ஆக்ஸிலரேட்டரைத் தொடாமல் வண்டி எவ்வளவு மெதுவாக இறங்குகிறது என்று பார்க்க வேண்டும். மறுக்கும் விற்பனையாளரிடம், அந்த வசதிக்காகத்தான் இவ்வளவு பணம் கேட்கிறீர்கள் என்று நினைவூட்டலாம். வீட்டிலுள்ள முதியவரை அழைத்துப்போய்ப் பின்இருக்கையில் ஏறி இறங்கச் சொல்ல வேண்டும். மூன்று கதவு தாரில் பின்னால் போவதற்கு முன்இருக்கையை மடக்கி ஏற வேண்டும். மூட்டுவலி உள்ள அம்மாவோ மாமியாரோ ஒரு முறை ஏறிப் பார்த்துவிட்டுச் சொல்லும் கருத்து, எத்தனையோ மதிப்புரைகளைவிடத் துல்லியமாக இருக்கும். அடுத்து, அருகிலுள்ள சர்வீஸ் மையத்தில் நான்கு சக்கர இயக்கப் பகுதிகளைப் பழுதுபார்க்கப் பழகியவர் இருக்கிறாரா, அந்த அளவு டயர் உங்கள் ஊரில் கிடைக்கிறதா என்று கேட்டறிய வேண்டும்.

இவ்வளவுக்கும் பிறகு முன்பதிவு செய்தால், ரசீதில் நான்கு சக்கர இயக்க வகை என்பது எழுத்தில் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்; வெளித்தோற்றம் ஒன்றாகவே இருக்கும் வண்டிகளில் இது முக்கியம். பதிவுக்கு அனுப்பும் முன்பு வண்டியை மண்தரைக்குக் கொண்டுபோய், ஃபோர் ஹை (வழக்கமான வேகத்துக்கான நான்கு சக்கர இயக்கம்), ஃபோர் லோ இரண்டிலும் மாற்றி, கருவிப்பலகையில் விளக்கு எரிகிறதா, முன்சக்கரங்கள் உண்மையிலேயே இழுக்கின்றனவா, பூட்டு இருந்தால் அது சரியாகப் பிடித்து, பிறகு விடுபடுகிறதா என்று சோதித்த பின்பே கையெழுத்திடுங்கள்.